பத்து லட்சத்து ஒன்பது

திண்டிவனம்
12.11.2025

மதிப்பிற்குரிய ஆசிரியை அன்புச்செல்வி அவர்களுக்கு,

வணக்கம். என் முகம் உங்களுக்கு நினைவிருக்கலாம், பெயர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. போன சனிக்கிழமை விழுப்புரத்தில் கணித மன்றம் நடத்திய வினாடி வினாவின் இறுதிச் சுற்றில், இடது பக்க மேசையில் உட்கார்ந்திருந்த இரண்டு பிள்ளைகளுக்கும் நான்தான் ஆசிரியர். கூட்டேரிப்பட்டிலிருந்து உள்ளே போனால் வரும் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். குடியிருப்பது திண்டிவனத்தில்.

கடைசிக் கேள்வி எங்கள் அணிக்கு வந்தது. மேடையிலிருந்து நீங்கள் வாசித்தீர்கள்: "பத்து லட்சத்து ஒன்பது. இது பகா எண்ணா, பகு எண்ணா? முப்பது நொடி." திரையிலும் 1000009 என்று தெரிந்தது. எங்கள் ஒன்பதாம் வகுப்புக் கலைப்பிரியா எழுந்து "பகு எண்" என்றாள். "தவறு, பகா எண்" என்றீர்கள். அத்தோடு போட்டி முடிந்தது. நாங்கள் ஒரு கேள்வி பின்னால் இருந்தோம். அந்தப் பதில் சரியாக இருந்திருந்தால் இரண்டு அணியும் சமம். தவறு என்றானதால் உங்கள் ஊர் அணி வென்றது.

திரும்பி வரும்போது பேருந்தில் கைப்பேசியில் தட்டிப் பார்த்தேன். நம்பிக்கை வராமல் வீட்டுக்கு வந்து தாளிலும் போட்டுப் பார்த்தேன்.

293 × 3413 = 1000009

ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடுவது பகா எண் என்று நாம் இருவரும்தான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறோம். இது 293-ஆல் மீதியில்லாமல் வகுபடுகிறது. எனவே பகு எண். பிள்ளை சொன்னது சரி.

மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் இதைப் போட்டிருக்கலாம். அங்கே போட்டால் பத்து பேர் கைதட்டுவார்கள், இருபது பேர் சண்டை போடுவார்கள், யாரும் பெருக்கிப் பார்க்க மாட்டார்கள். அதனால் உங்கள் பள்ளி முகவரிக்கே கடிதமாக அனுப்புகிறேன். பெருக்கிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ம. சகாயராஜ்


விழுப்புரம்
18.11.2025

திரு. சகாயராஜ் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. பெருக்கிப் பார்த்தேன். 1000009 பகு எண்தான். அதில் எனக்கு மறுப்பு இல்லை.

ஆனால் போட்டியின் ஏழாவது விதியை நீங்களும் படித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். விடையில் ஆட்சேபம் இருந்தால், பரிசு அறிவிக்கும் முன்பு, அரங்கிலேயே சொல்ல வேண்டும். நீங்கள் முதல் வரிசையில்தான் இருந்தீர்கள். எழுந்திருக்கவில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ளலாமா?

முடிவுத் தாளில் நடுவர்கள் மூவரும் கையெழுத்திட்டு அது சென்னைக்குப் போய்விட்டது. ஜனவரி 10 மாநிலப் போட்டிக்கு அணியின் பெயர் பதிவாகிவிட்டது. இப்போது என்னால் எதையும் மாற்ற இயலாது.

குழுவில் போடாததற்கு நன்றி. இனியும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ந. அன்புச்செல்வி


திண்டிவனம்
24.11.2025

மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு,

ஏன் எழுந்திருக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி.

நானும் அதைப் பகா எண் என்றுதான் நினைத்தேன். மூன்று, ஏழு, பதினொன்று, பதின்மூன்று வரை மனதுக்குள் வகுத்தேன். எல்லாவற்றிலும் மீதி வந்தது. நீங்கள் வேறு அவ்வளவு அழுத்தமாகச் சொன்னீர்கள். கலைப்பிரியா என்னைத் திரும்பிப் பார்த்தாள். உட்கார் என்று கையைக் காட்டினேன். நடந்தது இவ்வளவுதான்.

கோப்பை எங்களுக்கு வேண்டாம். சென்னைக்கும் உங்கள் அணியே போகட்டும். நான் எழுதியது வேறு ஒன்றுக்காக.

போட்டி முடிந்து வந்ததிலிருந்து அந்தப் பெண் பலகைக்கு வருவதில்லை. முன்பெல்லாம் கூப்பிடும் முன்பே சாக்பீஸ் அவள் கையில் இருக்கும். வியாழக்கிழமை கூப்பிட்டேன்.

"எதுக்கு சார்?" என்றாள்.

"விடை தெரியும் இல்ல?"

"தெரிஞ்சி என்னா சார் ஆவப்போவுது. மேடையில குந்திக்கினு இருக்கிறவங்க என்னா சொல்றாங்களோ அதான் ஆன்சரு."

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் அம்மா அம்சா கூலி வேலைக்குப் போகிறவர். இந்த மாதம் நிலக்கடலை அறுவடை, மல்லாட்டை ஆயப் போகிறார். ஒரு மரக்கால் ஆய்ந்தால் என்ன கூலி என்பதை நிலத்துக்காரர் சொல்வார். குழாயில் எந்தத் தெருவுக்கு முதலில் தண்ணீர் விடுவது என்பதை வேறொருவர் சொல்வார். இந்தப் பிள்ளைகளின் ஊரில் எல்லாமே யாரோ சொல்வதுதான். 293-ஐ 3413-ஆல் பெருக்கினால் என்ன வரும் என்பதை மட்டும் யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவர்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். இந்த வேலைக்கு நான் வந்ததற்குக் காரணம் அது ஒன்றுதான்.

நான் சொல்லிவிட்டேன், நீ சொன்னதுதான் சரி என்று. "நீங்க நம்ம சாரு, அப்படித்தான் சொல்வீங்க" என்கிறாள். பெருக்கியும் காட்டினேன். "இப்ப சொல்லி?" என்றாள். எல்லார் முன்னாலும் தவறு என்று சொன்னவர் நீங்கள். எல்லார் முன்னாலும் சரி என்றும் நீங்களே சொல்ல வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

இன்னொன்று. ஏழு இலக்க எண்ணை முப்பது நொடியில் யாரால் வகுத்துப் பார்க்க முடியும்? இப்படி ஒரு கேள்வியை ஏன் வைத்தீர்கள்?

ம. சகாயராஜ்


விழுப்புரம்
1.12.2025

சகாயராஜ் சார் அவர்களுக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் எழுதுகிறேன், அது சுலபம். நான் வைக்க நினைத்த எண் 1000003. ஏழு இலக்கத்தில் மிகச் சிறிய பகா எண் அதுதான். வினாடி வினாவுக்குத் தயாராகிற பிள்ளைகள் பலருக்கும் அது தெரிந்திருக்கும், யாரும் வகுக்க வேண்டியதில்லை. கைப்பேசியில் தட்டும்போது மூன்றுக்குப் பதில் ஒன்பது விழுந்திருக்கிறது. விடைப் பட்டியலில் "பகா எண்" என்றே இருந்தது. மேடையில் நான் விடையைத்தான் பார்த்தேன், எண்ணைப் பார்க்கவில்லை.

இரண்டாவது கடினம். உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். உங்கள் கடிதங்களைப் பார்த்தால் சொல்லவில்லை என்று தெரிகிறது. வென்ற அணியில் இருந்த தென்னரசு என் மகன்.

இறுதிச் சுற்றுக் கேள்விகளை மட்டும்தான் நான் எழுதினேன். ஒன்றைக்கூட அவன் கண்ணில் காட்டவில்லை. ஆனால் போட்டி முடிந்த மறுநாளே எங்கள் ஆசிரியர் அறையில் பேச்சு ஆரம்பமாகிவிட்டது. "அம்மா கேள்வி எடுத்தா புள்ள ஜெயிக்காம என்ன பண்ணும்" என்று ஒருவர் நான் உள்ளே வருவதைப் பார்க்காமல் சொன்னார். இப்போது விடை தவறு என்று நானே எழுந்து சொன்னால், அந்தப் பேச்சுக்கு நானே முத்திரை குத்திக் கொடுத்த மாதிரி ஆகும். என் மகன் பேச்சில் சுமார், விளையாட்டில் சுமார். முதல் முறையாக ஒன்றில் ஜெயித்திருக்கிறான். கோப்பையைத் தினமும் துடைக்கிறான். என் கணவர் நடராசன், "பேசாம விடு, ரெண்டு மாசத்துல எல்லாரும் மறந்துடுவாங்க" என்கிறார்.

கலைப்பிரியாவுக்கு ஒரு சான்றிதழ் எழுதிக் கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். கூடவே ஒரு கணிதப் புத்தகம். என்னால் இப்போது முடிந்தது இது. ஏற்றுக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

அன்புச்செல்வி


திண்டிவனம்
8.12.2025

அன்புச்செல்வி டீச்சருக்கு,

புத்தகத்தைப் பள்ளி நூலகத்தில் சேர்த்துவிட்டேன். சான்றிதழைத் திருப்பி அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். அவளைக் கூப்பிட்டு ரகசியமாகக் கொடுத்தால், எதையோ வாயடைக்கக் கொடுத்ததாகத்தான் அவள் எடுத்துக்கொள்வாள். அவள் அப்படி எடுத்துக்கொண்டால் தப்பும் இல்லை.

தென்னரசு உங்கள் மகன் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் கேள்வியைச் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள் என்று நான் நம்பவில்லை. சொல்லிக் கொடுப்பவர் எண்ணைச் சரியாகத் தட்டியிருப்பார். ஆனால் மகன் போட்டியிடுகிற அரங்கில் நீங்கள் கேள்வி எடுத்திருக்கக் கூடாது. இதை எழுதாமல் விட்டால் நான் உங்களிடம் நேர்மையாக இல்லை என்று ஆகும்.

நேர்மை என்று எழுதிவிட்டதால் மற்றதையும் எழுதியாக வேண்டும். இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

வெள்ளிக்கிழமை அவளிடம், "அன்னிக்கு எப்படிம்மா கண்டுபிடிச்ச?" என்று கேட்டேன். ஏதோ ஒரு வழி அவளுக்குத் தோன்றியிருக்கும், அதை உங்களுக்கு எழுதலாம் என்று ஆசை.

"சும்மாதான் சார் சொன்னேன்" என்றாள்.

"சும்மான்னா?"

"ரஞ்சித்து பகா எண்ணுன்னான். பெல் அடிக்கப் போறாங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லியாவணும். அவன் சொல்றது எப்பவும் தப்பாத்தான் இருக்கும், அதான் மாத்தி சொன்னேன்."

பக்கத்தில் இருந்த அவள் ஜோடி ரஞ்சித்துக்கு ரொம்ப வருத்தம்.

ஆக, அவளுக்கு விடை தெரியாது. ஊகம். உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அரங்கில் இருந்த யாருக்கும் அந்த எண்ணைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. இது என் பக்கத்தைப் பலவீனமாக்குகிறது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். ஆனாலும் நீங்கள் காரணம் கேட்கவில்லை, இரண்டில் எது என்றுதான் கேட்டீர்கள். அவள் சொன்னது சரி.

இதற்கு மேல் நான் வற்புறுத்த மாட்டேன்.

சகாயராஜ்


விழுப்புரம்
15.12.2025

சகாயராஜ் சாருக்கு,

உங்கள் கடிதத்தில் நான் கேள்வி எடுத்திருக்கக் கூடாது என்ற வரியைப் படித்துவிட்டு, மடித்து வைத்துவிட்டேன். அன்றைக்கு முழுக்க மேற்கொண்டு படிக்கவில்லை. மறுநாள்தான் மீதியைப் படித்தேன். ரஞ்சித் வரியில் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன், ஏனென்றால் எதிரே தென்னரசு உட்கார்ந்திருந்தான்.

"யாரும்மா எழுதறாங்க உனக்கு?" என்றான்.

மறைக்க முடியவில்லை. தாளை எடுத்து 293, 3413 இரண்டையும் எழுதிக் கொடுத்து, பெருக்கச் சொன்னேன். பெருக்கினான். விடையைப் பார்த்ததும் எந்தக் கேள்வி என்று அவனுக்கே புரிந்துவிட்டது. எழுந்து போய்விட்டான். மறுநாள் காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே, "அப்போ அது டைதானேம்மா?" என்றான்.

ஆமாம் என்றேன்.

"டைன்னா இன்னொரு ரவுண்டு வெச்சிருக்கணும் இல்ல?"

அதற்கும் ஆமாம் என்றேன்.

அன்று மதியமே மன்றச் செயலாளர் முத்துசாமி சாருக்கு எழுதிவிட்டேன். கேள்வியில் எண்ணைத் தவறாகத் தட்டியது நான், விடை தவறு, இரண்டு அணியும் சமம், வெற்றியை முடிவு செய்ய இன்னொரு சுற்றை வேறு ஆசிரியரை வைத்து நடத்துங்கள் என்று. என் கணவர் இரண்டு நாளாக என்னிடம் சரியாகப் பேசவில்லை.

இனி எண்ணுக்கு வருகிறேன். அரங்கில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. எம்.எஸ்சி.யில் படித்தது ஒன்று நினைவுக்கு வந்தது. ஒரு பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடிந்தால், ஒரே ஒரு விதமாகத்தான் எழுத முடியும். 13 என்றால் 4 + 9 மட்டும்தான். வேறு வழி கிடையாது. இரண்டு விதமாக எழுத முடிந்தால் அது கட்டாயம் பகு எண். 65-ஐப் பாருங்கள்: 64 + 1, 49 + 16. ஐந்தும் பதின்மூன்றும் பெருக்கினால் 65.

நம் எண்ணைப் பார்த்த உடனேயே ஒரு வழி தெரிகிறது: ஆயிரத்தின் வர்க்கம், மூன்றின் வர்க்கம். இரண்டாவது வழி இருக்கிறதா என்று தேடினேன். இருக்கிறது.

1000² + 3² = 1000009
972² + 235² = 1000009

வகுக்கவே வேண்டாம். இந்த இரண்டு வரி போதும், அது பகு எண் என்று சொல்ல. கலைப்பிரியாவிடம் காட்டுங்கள். முப்பது நொடியில் முடியாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அன்புச்செல்வி


திண்டிவனம்
26.12.2025

அன்புச்செல்வி டீச்சருக்கு,

உங்கள் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வந்தது. நன்றி.

மன்றத்தின் சுற்றறிக்கையும் வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். "குழப்பத்தைத் தவிர்க்கும் பொருட்டு" முதல் இரண்டு அணிகளையும் விலக்கிவிட்டு மூன்றாவதாக வந்த செஞ்சி அணியைச் சென்னைக்கு அனுப்புகிறார்களாம். இப்படி ஆகும் என்று நான் நினைக்கவே இல்லை. முத்துசாமி சாரைக் கூப்பிட்டுப் பேசினேன். "உங்களால ஒரே பேஜாரு சார். ரெண்டு பேரும் கம்முனு இருந்திருந்தா ஒருத்தராவது போயிருப்பாங்க" என்றார். கைப்பேசியை வைத்துவிட்டேன்.

உங்கள் மகன் கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பிள்ளையை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது.

ரஞ்சித் என்னோடு பேசுவதில்லை. சென்னை போனால் மெட்ரோ ரயிலில் ஏறலாம் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தானாம். கலைப்பிரியா வேறு மாதிரி. சுற்றறிக்கையைப் படித்துக் காட்டினேன். "அந்த மிஸ்ஸே எழுதிக் குடுத்தாங்களா, தப்புன்னு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அவங்க புள்ளைக்கும் போச்சே" என்றாள்.

அதற்கப்புறம்தான் உங்கள் இரண்டு வரியைக் காட்டினேன். 972-ஐ 972-ஆல் பெருக்கினாள், 235-ஐ 235-ஆல் பெருக்கினாள், கூட்டினாள். சரியாக வந்தது. "இது எப்படி சார், ரெண்டு விதமா வந்தா ஒடையுது?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னேன். நீங்கள் எழுதினால் படித்துச் சொல்கிறேன். அரையாண்டு விடுமுறையில் வெள்ளாட்டை ஓட்டிக்கொண்டு போகும்போதும் கையில் தாள் வைத்திருக்கிறாளாம். ஒவ்வொரு எண்ணாக எடுத்து இரண்டு வர்க்கமாகப் பிரிக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். அம்சா கடைத்தெருவில் பார்த்துச் சொன்னார், குறையாகத்தான். "ஆடு அடுத்தவங்க கொல்லையில மேயுது, இது கணக்கு போட்டுக்கினு குந்தியிருக்குது சார்" என்று.

சகாயராஜ்


விழுப்புரம்
2.1.2026

சகாயராஜ் சாருக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். உங்களுக்காகவும் கலைப்பிரியாவுக்காகவும் அந்த நிரூபணத்தைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். மூன்று பக்கம். நான்காவது வரியில் எனக்கே ஒரு மணி நேரம் ஆனது.

வினாத்தாள் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை, நீங்கள் எழுதியதுதான் சரி. ஆசிரியர் அறையில் பேச்சு நிற்கவில்லை. "ஏதோ இருந்ததாலதானே ஒத்துக்கிட்டா" என்று இப்போது பேசுகிறார்கள். பேசட்டும்.

தென்னரசு இரண்டு நாள் சாப்பாட்டு நேரத்தில் தலை நிமிரவில்லை. மூன்றாவது நாள் என்னைக் கேட்டான்: "சென்னைக்கு போக வேணாம். ஆனா யாரு ஜெயிச்சாங்கன்னு தெரிய வேணாமா?" அவனுக்கு அது தெரியாமல் இருப்பதுதான் பெரிய தொந்தரவு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஒரு யோசனை. ஜனவரி 10 சனிக்கிழமை நாங்கள் உங்கள் பள்ளிக்கு வருகிறோம். தென்னரசு, அவன் ஜோடி கோபி, நான். பிள்ளைகளே கேள்வி கேட்கட்டும். ஒவ்வொரு அணியும் மற்ற அணிக்கு மூன்று எண்கள் கொடுக்க வேண்டும், பகா எண்ணா பகு எண்ணா என்று. ஐந்து நிமிடம். பதிலுக்கு ஐந்து மதிப்பெண், காரணத்துக்கு ஐந்து. கேட்கிறவர்களுக்கும் காரணம் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் நடத்துங்கள். நான் உள்ளே இருக்க மாட்டேன்.

அதற்கு முன்பு வகுப்பில் எனக்கு இரண்டு நிமிடம் கொடுங்கள். அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

அன்புச்செல்வி


திண்டிவனம்
6.1.2026

அன்புச்செல்வி டீச்சருக்கு,

வாருங்கள். திண்டிவனம் பேருந்தில் ஏறிக் கூட்டேரிப்பட்டில் இறங்கினால் ஷேர் ஆட்டோ கிடைக்கும். பள்ளி என்று சொன்னால் போதும். மதியச் சாப்பாடு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். தலைமை ஆசிரியர் அனுமதி கொடுத்துவிட்டார், கூடவே வகுப்பில் எல்லாப் பிள்ளைகளையும் வரச் சொல்லியிருக்கிறார்.

கலைப்பிரியா என்ன எண்கள் வைத்திருக்கிறாள் என்று என்னிடமும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

சகாயராஜ்


திண்டிவனம்
12.1.2026

அன்புச்செல்வி டீச்சருக்கு,

பத்திரமாக வீடு சேர்ந்திருப்பீர்கள். உள்ளே நடந்ததைத் தென்னரசு பேருந்தில் சொல்லியிருப்பான். ஆனால் அவன் அதிகம் பேசுகிற பிள்ளை இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அதனால் நானும் எழுதுகிறேன்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு. நீ சொன்னதுதான் சரி" என்று எல்லார் முன்னாலும் நீங்கள் சொன்னபோது அவள் தலையை மட்டும் ஆட்டினாள். உங்களுக்கு ஏமாற்றமாக இருந்திருக்கலாம். நீங்கள் வெளியே போனதும் என்னிடம் வந்து, "நான் சும்மா சொன்னேன்னு அவங்களுக்கு தெரியுமா சார்?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். "தெரிஞ்சுமா சொன்னாங்க" என்றாள். அவ்வளவுதான். நேராகப் போய் மேசையில் உட்கார்ந்துகொண்டாள்.

ஐந்து எண்கள் முடியும்வரை யாரும் யாரையும் விடவில்லை. ரஞ்சித்கூட ஒரு எண்ணைப் பதினேழால் உடைத்தான். அவன் வாழ்க்கையில் அவன் சொன்ன முதல் சரியான விடை அது என்று கலைப்பிரியா சொன்னாள். உங்கள் அணி ஐந்து மதிப்பெண் முன்னால். கடைசி எண் தென்னரசு கொடுத்தது: 1000001.

பார்த்த உடனே கலைப்பிரியா 1000² + 1² என்று எழுதினாள். இன்னொரு வழி கிடைத்தால் உடைத்துவிடலாம் என்று அவளுக்குத் தெரியும். தேடினாள். நான்கு நிமிடம் ஆயிற்று. ரஞ்சித் காதில் சொன்னது எனக்கே கேட்டது: "ஜல்தி, ஏதோ ஒண்ணு சொல்லு. பாதிக்குப் பாதி சான்சு. அஞ்சு மார்க்கு வந்தா டை."

அவள் எழுந்து நின்றாள். "தெரியல சார்" என்றாள்.

"பதில் மட்டும் சொன்னாலும் அஞ்சு உண்டும்மா" என்றேன். நடத்துகிறவன் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. வாயில் வந்துவிட்டது.

"தெரியாம எப்படி சார் சொல்றது?" என்று உட்கார்ந்துவிட்டாள்.

தென்னரசு பலகைக்கு வந்தான். பத்து லட்சம் என்பது நூறை மூன்று முறை பெருக்கியது, ஒன்று என்பது ஒன்றை மூன்று முறை பெருக்கியது, இது ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிற a³ + b³ என்று சொன்னான். திணறித்தான் சொன்னான், ஆனால் ஒரு வரியும் விடவில்லை. கூட்டல், அதாவது a + b, நூற்று ஒன்று, அதனால் 101 ஒரு காரணி, இன்னொன்று 9901. நான் அந்தச் சமன்பாட்டை எத்தனையோ வருடமாக நடத்துகிறேன். அந்த எண்ணில் அது ஒளிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவனே யோசித்ததாம், நீங்கள் சொல்லித்தரவில்லையாம். வகுப்பில் யாரும் கேட்காமலேயே அதைச் சொன்னான்.

நான் முடிவைச் சொல்ல வாயைத் திறந்தேன். "இருங்க சார்" என்று கலைப்பிரியா எழுந்து வந்து அவன் கையிலிருந்து சாக்பீஸை வாங்கினாள். நவம்பருக்குப் பிறகு அவள் பலகைக்கு வந்தது அப்போதுதான். 101-ஐயும் 9901-ஐயும் பெருக்கினாள். ஒருமுறை மேலிருந்து கீழே சரிபார்த்தாள். திரும்பி, "சரிதான் சார். அவங்க ஜெயிச்சிட்டாங்க" என்றாள்.

அப்புறம்தான் உங்களைக் கூப்பிட ஆள் அனுப்பினேன். நீங்களும் பள்ளிக்கு வந்திருந்த அம்சாவும் மரத்தடியில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டு என்ன பேசினீர்கள் என்று தெரியவில்லை. இன்று காலை அவரைப் பார்த்தேன். "அந்த டீச்சரு நல்ல மாதிரி சார்" என்றார்.

இன்று முதல் பாடவேளையில் கலைப்பிரியா ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். இத்துடன் வைத்திருக்கிறேன். 1000001-இலிருந்து ஒன்றின் வர்க்கத்தைக் கழித்து, இரண்டின் வர்க்கத்தைக் கழித்து, மூன்றின் வர்க்கத்தைக் கழித்து, இப்படியே போய்க்கொண்டே இருந்திருக்கிறாள். தாளின் இரண்டு பக்கமும் நிறைந்து ஓரத்தில் எல்லாம் எழுதியிருக்கிறாள். கடைசியில் அடிக்கோடிட்டிருப்பது:

980² + 199² = 1000001

கூட்டிப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. தென்னரசுவிடம் கொடுக்கச் சொன்னாள்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் குடுத்திருந்தா அங்கயே புடிச்சிருப்ப போலருக்கே" என்று சும்மா சொல்லி வைத்தேன்.

"இல்ல சார்" என்றாள். "ஞாயித்துக்கெழம பூராவும் ஆச்சு."

சகாயராஜ்